மெதுவாகச் சீட்டுப் போட்டவள்

வோண்டா லாசனையும் வெண்டல் டோபினையும் ஒரே வயிறு சுமந்தது என்பது ரீனோ என்கிற அந்தச் சூதாட்ட ஊரில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அவர்களுடைய அம்மா இர்மா கிழக்கே ஈலி ஊர்க்காரி. செம்புச் சுரங்கத்து ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்த குடும்பம். முதல் புருஷன் சரக்கு ரயிலில் வேலை பார்த்தான். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் நசுங்கிச் செத்தான். அவனுக்குப் பிறந்தவள் வோண்டா. இர்மா அதன்பிறகு டோபின் என்கிற லாரிக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் பகடைப் பைத்தியம். முதலில் லாரியைத் தோற்றான், பிறகு லாரி நின்ற இடத்தைத் தோற்றான், பிறகு யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டான். அவன் விட்டுப்போனது வெண்டலை மட்டும்தான். அம்மா நெஞ்சு நோயில் கிடந்த வருஷங்களில் வெண்டலை இடுப்பில் தூக்கி வளர்த்தது வோண்டா. அவனுக்கு முதல் ஷூ நாடா கட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான், முதல் அடி கொடுத்ததும் அவள்தான்.

முகச்சாயல் கிடையாது. அவள் ஒல்லி, நீண்ட கழுத்து, சாம்பல் கண். அவன் கட்டை குட்டையாக, டோபின் மாதிரியே தாடை. பெயரும் வேறு. அதனால்தான் அந்த விஷயம் அத்தனை நாள் நின்றது.

கல்யாணம் ஆகி ரீனோவுக்கு வந்த புதிதிலேயே வோண்டா சூதாட்ட மேசையில் ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் போடுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், காப்பர் ஸ்பர் என்று ஒரு சின்ன கேசினோ. கிழவர் கண்டோல்ஃபி நடத்தியது. பெரிய கட்டடங்களில் இருக்கிற நீரூற்றும் பாட்டும் அங்கே கிடையாது. மங்கலான விளக்கு, சிகரெட் புகை ஏறிய கூரை, ஈரலும் வெங்காயமும் வறுக்கிற வாசனை. ஆனால் பிளாக்ஜாக் ஆடத் தெரிந்தவர்கள் அங்கேதான் வருவார்கள். இருபத்தொன்றைத் தாண்டாமல் சீட்டுப் போடுகிறவளைவிட அதிகம் எடுக்கிற ஆட்டம் அது. ஒரே ஒரு கட்டுச் சீட்டு, கையால் கலைப்பது, கையால் போடுவது. முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் ஐந்து டாலருக்கு ஏழரை. பத்திலும் பதினொன்றிலும் மட்டும்தான் பந்தயத்தை இரட்டிக்கலாம். சீட்டுப் போடுகிறவளுக்கு ஆஸும் ஆறுமாகப் பதினேழு வந்தால், தெற்கே லாஸ் வேகாஸ் பெரிய தெருவில் அதோடு நின்றுவிடுவார்கள். எங்கள் வடக்குப் பக்கத்தில் இன்னொன்று எடுப்பார்கள். அது ஆடுகிறவனுக்குக் கொஞ்சம் கெடுதல்தான். இருந்தாலும் அந்த ஏழரைக்காக மன்னித்துவிடுவார்கள்.

சீட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேசையை விட்டு நகரும்போது இரண்டு கையையும் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கூரையில் இருக்கிற கேமராவுக்கு, கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று காட்டுவது. வோண்டாவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. புருஷன் லாசன் செத்தபோது சவப்பெட்டியில் பூவை வைத்துவிட்டு, அதே மாதிரி தட்டித் திருப்பிக் காட்டிவிட்டு நகர்ந்தாள். பார்த்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். சொந்தக்காரர்கள் வரிசையில் பக்கத்தில் நின்ற வெண்டல்தான் அவள் கையைப் பிடித்து இறக்கினான். கிழவர் கண்டோல்ஃபியும் அங்கே இருந்தார். அவர்கள் இருவரும் என்ன உறவு என்று அவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வெண்டல் அந்தச் சமயம் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். பிறகு ஒரு நாள் பாறை சரிந்து முதுகு போயிற்று. மாதா மாதம் ஊனப்பணம் வர ஆரம்பித்தது. வேலை இல்லாத மனுஷன், கையில் மாதப் பணம், ஊரோ ரீனோ. சொல்லவா வேண்டும். காசு போட்டு ஆடுகிற சூதாட்ட மிஷின் முன்னால் உட்கார்ந்தான். பணம் வந்த வாரத்திலேயே தீரும். வண்டியை விற்றான். வோண்டா தன் டிரெய்லர் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். செத்துப்போன லாசனுடைய கருவிப்பெட்டியை விற்றுவிட்டான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவனுக்குத் தாங்கவில்லை, எழுந்து போய்விட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆற்றங்கரையில், வில்லோ புதருக்குள் தார்ப்பாய் போட்டுக் கிடந்தான். வோண்டா தேடிப்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இடது காலில் இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தன. வெட்டி எடுத்தார்கள்.

இன்னொரு தடவை ஆற்றங்கரைக்குப் போனால் இவன் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நிறுத்து என்று கெஞ்சிப் பார்த்தாள். சூதாட்டத்தை விட நினைக்கிறவர்களுக்காகச் சர்ச்சில் நடக்கிற கூட்டத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். கூட்டம் முடிந்து நேரே மிஷினுக்குப் போனான். அதற்கப்புறம்தான் அவள் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைக் கையில் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். பிளாக்ஜாக்குக்கு வாய்ப்பாடு உண்டு. உன் கையில் என்ன, எதிரில் திறந்து கிடக்கிற சீட்டு என்ன, இரண்டையும் பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு எட்டு வந்தால் இரண்டு கையாகப் பிரி. இரண்டு பத்து வந்தால் தொடாதே. பன்னிரண்டு இருந்து எதிரில் நாலு தெரிந்தால் நில். பதினாறு இருந்து எதிரில் பத்து தெரிந்தால் வாங்கு.

வெண்டல் அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டான்.

“பதினாறுக்கு வாங்குனா முக்காவாசி தாண்டிடுமேக்கா.”

“தாண்டும்.”

“அப்ப நின்னா?”

“நின்னாலும் தோப்ப. வாங்குனா ஒரு மயிரிழை கம்மியாத் தோப்ப. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“இதுக்குத்தான் இவ்வளவு படிப்பா” என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அவன் படித்துக்கொண்டான். டோபின் மூளை சீட்டில் நன்றாக வேலை செய்யும்.

அவள் போட்ட ஒப்பந்தம் இதுதான். மிஷின் கூடாது, பகடை கூடாது. ஆடித்தான் ஆக வேண்டுமென்றால் காப்பர் ஸ்பரில், அவள் மேசையில், குறைந்தபட்சப் பந்தயம், வாய்ப்பாடு தப்பாமல். கேசினோவில் சொந்தக்காரருக்குச் சீட்டுப் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதனால் மேசையில் அவர்கள் அந்நியர்கள். அவன் அவளை மேடம் என்பான், அவள் அவனை சார் என்பாள்.

“சாருக்கு இன்னிக்கும் பதினாறுதானா?”

“நீங்க குடுக்கிறதுதானே மேடம் எனக்கு.”

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஃபாலன் ஊர் விவசாயி ஒருவன், நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரியே மல்லுக்கட்டுறீங்க என்றான். “இந்த வயசு ஆளெல்லாம் எனக்கு வேணாம்யா” என்று வெண்டல் சொன்னபோது வோண்டா உதட்டைக் கடித்துக்கொண்டு சீட்டைக் கலைத்தாள்.

அவள் மேசையில்தான் என்று அவள் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

எவ்வளவு சரியாக ஆடினாலும் கேசினோவுக்கு ஒரு பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும். ஏனென்றால் ஆடுகிறவன்தான் முதலில் சீட்டு வாங்க வேண்டும். இருபத்தொன்றைத் தாண்டினால் அந்த நொடியே காசு போய்விடும். பிறகு சீட்டுப் போடுகிறவளும் தாண்டினாலும் போனது போனதுதான். நகை செய்யக் கொடுத்தால் சேதாரம் என்று கழிக்கிறார்களே, அப்படி. ஒவ்வொரு கைக்கும் ஒரு துளி சேதாரம். வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு நூறு டாலர் பந்தயத்துக்கு அரை டாலர் கூடப் போகாது. தெரியாதவனுக்கு நாலைந்து மடங்கு போகும். சேதாரமே இல்லாமல் ஆட முடியாது. வோண்டா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜெயித்துக்கொண்டு போகிறவனும் மறுநாள் வந்து உட்காருவான்.

அந்தத் துளியை அவளால் மாற்ற முடியாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை அந்தத் துளி விழுகிறது என்பது சீட்டுப் போடுகிறவளின் கையில் இருக்கிறது. வேகமான கைக்காரி போடுகிறதில் பாதிதான் வோண்டா போடுவாள். சீட்டை நிதானமாகக் கலைப்பாள், வெட்டக் கொடுப்பாள், வெட்டியதைச் சரியாக அடுக்குவாள், தண்ணீர் குடிப்பாள், வானிலை கேட்பாள், டோனர் கணவாயில் பனி விழுந்துவிட்டதா என்பாள். காசு வில்லைகளை இரண்டு முறை எண்ணி வைப்பாள். வெண்டல் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பான், ஆனால் ஆடியது கொஞ்சம்தான். ஊனப்பணம் மாதக் கடைசி வரைக்கும் வந்தது. நாலாவது தெருவில் வார வாடகை மோட்டலில் ஓர் அறை, சூப் டப்பா, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இறைச்சி ரொட்டியும் டப்பா பீச் பழமும். எட்டொன்பது வருஷம் அவன் ஆற்றங்கரைப் பக்கம் போகவில்லை. அத்தனையும் அவள் கையின் மந்தத்தில் நின்றது.

கண்டோல்ஃபிக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “உனக்கு வாதம் வந்துடுச்சா என்ன” என்று மட்டும் கேட்டார். வந்துடுச்சு போலிருக்கு என்றாள். சரி, பாத்துக்கோ என்று போய்விட்டார். அந்த மனுஷர் இருந்தவரைக்கும் நிழல் இருந்தது.

அவர் போனார். பிள்ளைகள் இரண்டு பேரும் கலிஃபோர்னியாவில். அப்பாவின் மண் காய்வதற்குள் கேசினோவை விற்றுவிட்டார்கள். வாங்கியது யாரென்றே வேலைக்காரர்களுக்குச் சரியாகத் தெரியாது, ஏதோ கம்பெனி. கிம்பல் என்று ஒரு மேற்பார்வையாளரை அனுப்பினார்கள். வெள்ளைப் பல், மெல்லிய குரல், யாரையும் திட்டாத மனுஷன். அவன் வந்ததும் மேசைத்துணியை மாற்றினான். புதுத் துணியில், பிளாக்ஜாக்குக்கு ஐந்துக்கு ஆறு என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது.

அதற்கு முன்னால் இரண்டுக்கு மூன்று என்று இருந்தது. ஆறு மூன்றைவிடப் பெரியது என்று சந்தோஷப்பட்டவர்கள் இருந்தார்கள். ஃபாலன் விவசாயி, பரவாயில்லையே, புது முதலாளி தாராளம்தான் என்றான். ஐந்து டாலர் வைத்தவனுக்கு ஏழரை கிடைத்த இடத்தில் இனி ஆறுதான் என்று வோண்டா அவனாகக் கேட்கும்வரை சொல்லக் கூடாது. அவன் கேட்கவில்லை. அந்த ஒன்றரை டாலரில் சேதாரம் ஏறத்தாழ நாலு மடங்கு ஆகிவிட்டது. வாய்ப்பாடு தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே தட்டில் வந்து நின்றார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பெட்டி வந்தது. ஐந்து கட்டுச் சீட்டை உள்ளே வைத்துக்கொண்டு தானாகக் கலைத்துக்கொண்டே இருக்கிற மிஷின். ஆடி முடித்த சீட்டைப் பின்னால் போட்டால் முன்னால் புதுச் சீட்டு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வரும். கலைப்பதற்கு நேரம் கிடையாது, வெட்டுவதற்கு நேரம் கிடையாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை கை போட்டாள் என்பதை அதுவே எண்ணி மேலே சொல்லிவிடும். கிம்பல் வந்து ரொம்ப மரியாதையாகப் பேசினான். மற்ற மேசைகளைவிட உங்களுடையது பாதிதான் வருகிறது, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா, முடியாவிட்டால் சொல்லுங்கள் என்றான். வோண்டா வேகத்தைக் கூட்டினாள். கை அதுபாட்டுக்குப் போயிற்று. அவ்வளவு வேகம் தனக்கு இன்னும் இருக்கிறது என்பதே அவளுக்குத் திகிலாக இருந்தது.

மாதம் பாதி தாண்டுவதற்குள் வெண்டலின் பணம் தீர்ந்தது. அடுத்த மாதம் அதற்கும் முன்னால். மோட்டல்காரி கதவில் வாடகை பாக்கி நோட்டீஸ் ஒட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் இறைச்சி ரொட்டியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். வோண்டா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். துணியில் எழுதியிருப்பது என்ன, பெட்டி என்ன செய்கிறது, ஸ்பார்க்ஸ் பக்கம் ஓர் இடத்தில் இன்னும் ஒற்றைக் கட்டு இருக்கிறதாம், அங்கேயாவது போ என்று. அவன் தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஒண்ணரை டாலர்தானேக்கா.”

“நாலு மடங்குடா. உனக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்.”

“நான் வாய்ப்பாடு தப்பாமத்தானே ஆடுறேன். ஒரு தடவை இன்சூரன்ஸ் பந்தயம் வச்சிருக்கனா? ஒரு பத்தைப் பிரிச்சிருக்கனா? சொல்லு.”

“இல்ல.”

“அப்புறம் என்ன? சரியா ஆடுறவன் இன்னிக்குத் தோப்பான், நாளைக்கு வரும்.”

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வாய்ப்பாட்டுப்படி ஆடினால் தோற்பது குறையும் என்று மட்டும்தான் அவள் சொல்லிக்கொடுத்தாள். ஜெயிக்கும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் பணம் மாதக் கடைசி வரை வந்ததைப் பார்த்து, தன் ஆட்டத்தால்தான் வருகிறது என்று அவன் நம்பியிருக்கிறான். கையின் மந்தத்தைப் பற்றி அவள் வாய் விடவில்லையே. இப்போது சொன்னாலும் நம்பப் போவதில்லை. சொல்லிப் பார்த்தாள். “நீ மெதுவாப் போட்டது வயசானதாலக்கா. அதை எனக்காகன்னு சொல்லாதே” என்றான். கொஞ்சம் கோபம்கூட அவனுக்கு.

அன்று பாத்திரம் கழுவும்போதுதான் அந்த யோசனை அவளுக்கு வந்தது.

கண்டோல்ஃபி காலத்தில் லெஸ்டர் என்று ஒருவன் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மேசையில் அவன் மருமகனே வேறு பெயரில் ஆடினான் என்று தெரிந்துபோயிற்று. லெஸ்டருக்கு வேலை போயிற்று. மருமகன் படத்தை வாசலில் ஒட்டி, உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் கேசினோக்களுக்கும் படம் போயிற்று. நடுஊரில் அவனை ஒரு வாசலும் ஏற்கவில்லை. கடைசியில் அவன் ஆரிகனுக்குப் போய் மரம் அறுத்துப் பிழைத்தான், குடித்தனம் நன்றாக இருக்கிறது என்று கேள்வி. வோண்டா அந்த மருமகனையே நினைத்துக்கொண்டு தட்டைத் துடைத்தாள். தன் வேலை போகும். போகட்டும். அவன் படம் வாசலில் ஏறிவிட்டால் அவனே நினைத்தாலும் உள்ளே வர முடியாது.

ஊனப்பணம் வந்த மறுநாள், மத்தியானம். மேசையில் வெண்டல் மட்டும்தான். பெட்டி ஒரு பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பதினாறு வந்தது, அவளிடம் பத்து. வாங்கினான், தாண்டினான். மறுபடி வைத்தான். வோண்டா சீட்டை எடுக்கவில்லை.

“கிம்பல் சார், இங்க கொஞ்சம் வாங்க” என்றாள்.

அவன் வந்தான். என்ன பிரச்சினை என்றான்.

“இவன் என் தம்பி. கூடப் பிறந்தவன். எங்க அம்மா பேரு இர்மா. எட்டொன்பது வருஷமா என் மேசையிலதான் ஆடுறான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.”

வெண்டல் ஸ்டூலில் இருந்தபடியே அவளைப் பார்த்தான். “அக்கா” என்றான். அந்த மேசையில் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“எழுந்திருடா. போ. இனி உன்னை விடமாட்டாங்க” என்றாள்.

கிம்பல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். வேறொரு பெண்ணை மேசைக்குக் கூப்பிட்டான். வோண்டா இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டு, மேசையை விட்டு நகர்ந்தாள்.

மேலே இருக்கிற அறையில் அவளை உட்கார வைத்துவிட்டு, இருக்கிற கேமராப் பதிவையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். வெண்டலுடைய விருந்தாளி அட்டையில் பதிந்த கணக்கையும் பார்த்தார்கள். நேரம் போயிற்று. வோண்டாவுக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. தம்பிக்கு ஆரிகனில் யார் இருக்கிறார்கள், அத்தை மகன் ஒருவன் மெட்ஃபோர்டில் இருந்தானே, அவன் விலாசம் எங்கே என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கிம்பல் வந்து எதிரில் உட்கார்ந்தான். குரல் அப்போதும் மெல்லியதுதான். நீங்க கையெழுத்துப் போட்ட விதியை மீறியிருக்கீங்க, இன்னிக்கோட வேலை இல்ல, வருத்தமா இருக்கு என்றான். அவள் தலையாட்டினாள்.

“அவன் படம் எப்ப ஒட்டுவீங்க?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“உள்ள விடக்கூடாதுல்ல.”

கிம்பலுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“மேடம், ஒரு கை கூட ஏமாத்தல. பாத்தாச்சு. இத்தனை வருஷமும் தோத்துக்கிட்டேதான் இருக்கார். இவரை நாங்க ஏன் வெளிய அனுப்பணும்?”

லெஸ்டர் மருமகன் ஜெயித்தவன். வோண்டா அதை மறந்துவிட்டாள். சீட்டைத் திருட்டுத்தனமாகக் காட்டிக் கொடுத்து அவர்கள் கேசினோவின் காசை எடுத்தவர்கள். படம் ஏறியது அதற்காக. உறவு என்பதற்காக இல்லை. இத்தனை வருஷம் சீட்டுப் போட்டவளுக்கு இது தெரியாமல் போயிற்று. சட்டம் அவளைத்தான் வெளியே தள்ளியது.

அவள் பை தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது வெண்டல் அதே ஸ்டூலில் இருந்தான். நடந்த சிரமத்துக்கு மன்னிக்கச் சொல்லி, கேசினோவில் அவனுக்கு ஒரு மாட்டிறைச்சிச் சாப்பாட்டுக்கு இலவசச் சீட்டு கொடுத்திருந்தார்கள். அது அவன் முழங்கைப் பக்கத்தில் கிடந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மாரிவிக் என்கிற ஃபிலிப்பினோப் பெண் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வோண்டாவிடம் தொழில் கற்றவள்; ஊரிலேயே வேகமான கை.

அதன்பிறகு மற்ற கேசினோக்கள் வோண்டாவை எடுக்கவில்லை. விஷயம் பரவிவிட்டது. ஒரு மோட்டலில் துணி துவைக்கிற இடத்தில், போர்வை மடிக்கிற வேலை கிடைத்தது. வெண்டல் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ஊர் முன்னால் என்னைச் சின்னப் பையன் மாதிரி எழுந்திருடான்னு சொல்லிட்டா என்று மாரிவிக்கிடம் குறைப்பட்டானாம். மோட்டல்காரி அவன் சாமானைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டாள் என்று மாரிவிக்தான் வந்து சொன்னாள். வோண்டா போய் அந்தப் பையைத் தன் டிரெய்லர் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பை வந்த பிறகு ஆளும் வந்தான். சோபாவில் படுத்துக்கொண்டான். காலையில் எழுந்து பஸ் ஏறி காப்பர் ஸ்பருக்குப் போனான். பணம் இருக்கிற நாளில் ஆடுவான், இல்லாத நாளில் பின்னால் நின்று பார்ப்பான். அவள் தன் மோதிரத்தையும் லாசனுடைய கடிகாரத்தையும் தான் வேலை பார்க்கிற மோட்டல் அலமாரியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

மாரிவிக்கிடம் போய் ஒரு நாள் கேட்டாள், கொஞ்சம் மெதுவாகப் போடக் கூடாதா என்று.

“முடியாதுக்கா” என்றாள் மாரிவிக். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “பெட்டி எண்ணுது. என் ரெண்டு பிள்ளையும் மணிலாவில இருக்கு. நீங்களே எனக்குச் சொல்லுங்க, நான் என்ன பண்ண?”



முதல் பனி விழுந்த வாரம் அவள் காப்பர் ஸ்பர் வாசலில் நுழைந்தாள். கையில் போர்வை மடித்த கூலி. கிம்பல் எதிரில் வந்தான். தடுப்பான் என்று நினைத்தாள். வாங்க வாங்க, பழசை மனசுல வச்சுக்காதீங்க, காசோட வர்ற யாரும் எங்களுக்கு விருந்தாளிதான் என்று வழிவிட்டான். அவள் தன் பழைய மேசைக்குப் போய், வெண்டலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆயுசில் ஒரு நாளும் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. துணி அந்தப் பக்கத்திலிருந்து வேறு மாதிரி தெரிந்தது. எழுத்தெல்லாம் நேராக இருந்தது.

“என்னக்கா இது?” என்றான் வெண்டல்.

“எனக்கும் பொழுது போகல.”

ஒருவன் ஆடுகிற மேசையில் இன்னொருத்தி உட்கார்ந்தால், முதல் ஆளுக்கு விழுகிற கை குறையும். அவள் முறை முடிந்தால்தான் அடுத்தது. அதுவும் ஒன்றும் தெரியாத புதுக் கிழவி மாதிரி அவள் சீட்டைத் தொட்டுத் தொட்டு யோசித்தால், ஒரு மணி நேரத்தில் ரொம்பவே குறையும். சீட்டுப் போடுகிறவளை அவசரப்படுத்தலாம், விருந்தாளியை யாரும் அவசரப்படுத்த முடியாது. மாரிவிக்குக்கு உடனே புரிந்துவிட்டது. கையைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இப்போது இரண்டு பேருக்கும் சேதாரம் போகிறது. அவள் கூலி வாரத்துக்கு வாரம் அங்கேதான் இறங்குகிறது. டிரெய்லர் நிறுத்தின இடத்துக்கு வாடகை இரண்டு மாதம் நிற்கிறது. அந்த இடத்துக்காரன் நல்லவன்தான், ஆனாலும் வசந்தம் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லியிருக்கிறான். வோண்டாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதா? ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. பாலத்தின் மேல் பஸ் போகும்போது அவள் ஆற்றங்கரைப் புதர்ப் பக்கம் பார்ப்பதில்லை, வெண்டலையும் ஜன்னல் ஓரத்தில் உட்கார விடுவதில்லை.

போன வியாழக்கிழமையும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பனி. வெண்டல் தன் கையை முடித்துவிட்டு விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். வோண்டாவுக்குப் பத்தும் ஆறும் வந்திருந்தது. மாரிவிக் எதிரில் ஒரு பத்து.

“வாங்குக்கா” என்றான். “நீதானே சொல்லிக்குடுத்த. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

அவள் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“இருடா” என்றாள். “எண்ணிக்கிட்டிருக்கேன்.”